ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

வீக்கெண்டுக்கு ஏற்காடு போறீங்க. வாழவந்தி பக்கம் மலைப்பாதையில ஒரு நீண்ட நடை. திரும்பி வந்து எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "ஏறினப்போ மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். இறங்கினப்போதான் முட்டி போச்சு." ஏன் அப்படி?

தொடையின் முன்பக்கம் நாலு தசைகள் இருக்கு. அவை ஒண்ணா சேர்ந்து முட்டிச் சில்லைப் பிடிச்சு, அதுக்குக் கீழே கால் எலும்பில் போய் ஒட்டுது. மேலே ஏறும்போது இந்தத் தசைகள் சுருங்கி உடம்பைத் தூக்கும். இறங்கும்போது அதே தசைகள் நீண்டுகிட்டே பிரேக் போடணும். அந்த வேலைதான் தசை நார்களை அதிகமா சேதப்படுத்தும். அதனால்தான் வலி அன்னைக்கு வராம, மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ உச்சத்துக்குப் போகுது. இந்த வலி சில நாளில் தானா அடங்கிடும். பயம் வேண்டாம்.

வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும்போது முன்காலைத் தரையில் ஊன்றுவாரே, அதுவும் பிரேக்தான். உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்த ஒரு காலில் இறங்கும். நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம் ஆனார். ஏப்ரலில் முட்டிக் காயத்தால் ஐபிஎல்லில் இருந்து விலகி, ஆபரேஷன் செஞ்சுக்கிட்டார். 2022 ஐபிஎல்லில் திரும்பி வந்து 18 விக்கெட் எடுத்தார். முட்டி ஆபரேஷன்னா ஆட்டம் முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. ஆனா அதுக்கு மாசக்கணக்கில் பொறுமை வேணும்.

சரி, எந்த வலிக்கு டாக்டரைப் பார்க்கணும்? கால் திரும்பின நொடியில் முட்டிக்குள்ள 'டப்'புனு சத்தம், சில மணி நேரத்துலயே வீக்கம்: உள்ளே இருக்கும் லிகமென்ட் கிழிஞ்சிருக்கலாம். முட்டி பாதியில் சிக்கி நீட்ட முடியலைன்னா, குருத்தெலும்பு வட்டு கிழிஞ்சு மாட்டியிருக்கலாம். ரெண்டுக்கும் தள்ளிப்போடாதீங்க.

கணுக்கால் வேற கதை. கல்லு தடுக்கி பாதம் உள்பக்கம் மடங்கினா, வெளிப்பக்க லிகமென்ட்தான் பெரும்பாலும் அடிபடும். நாலு அடிகூட எடுத்து வைக்க முடியலையா? கணுக்கால் எலும்பை அழுத்தினா வலிக்குதா? எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. அதுக்கு முன்னாடி யாரையும் சுளுக்கு எடுக்க விடாதீங்க. உள்ளே எலும்பு முறிஞ்சிருந்தா, இழுக்கிற இழுப்பில் அது விலகிடும்.

மலைக்குப் போறதுக்கு சில வாரம் முன்னாடியே வீட்டுப் படிக்கட்டில் மெதுவா இறங்கிப் பழகுங்க. ஒவ்வொரு படியிலும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. மலையில இறங்கும்போது சின்னச் சின்ன அடியா வைங்க, முட்டியை லேசா மடக்கியே வைங்க. தொடை அந்த பிரேக்குக்குப் பழகிட்டா, அடுத்த தடவை வலி நிச்சயம் குறையும்.

அடுத்த எபிசோடில் குதிகால் வலி பத்திப் பேசலாம்.