வாக்காளர் தேர்ந்தெடுத்தவரை அவை தடுக்க முடியுமா? ஜூலியன் பாண்டின் சட்டமன்ற வாழ்க்கை

அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான ஜார்ஜியாவின் சட்டமன்றக் கீழவை, 1966ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி கூடியபோது, முறைப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஓர் உறுப்பினருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க மறுத்தது. அவர் 25 வயது கறுப்பின இளைஞரான ஜூலியன் பாண்ட். தேர்தலில் முறைகேடு செய்தார் என்று அவர் மீது எவரும் குற்றம் சாட்டவில்லை. வயது, வசிப்பிடம் ஆகிய தகுதிகளிலும் குறை காணப்படவில்லை. வியட்நாம் போரை எதிர்க்கும் ஓர் அறிக்கையை அவர் ஆதரித்தார் என்பதே அவருக்கு எதிராகக் கூறப்பட்ட காரணம்.

அவரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 184 உறுப்பினர்களும் எதிராக 12 உறுப்பினர்களும் வாக்களித்தனர். மக்களாட்சியில் ஒரு பிரதிநிதியின் தகுதியைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் வாக்காளருக்கு உரியதா, அவருடன் அமரவிருக்கும் சக உறுப்பினர்களுக்கு உரியதா என்ற கேள்வியை அந்த வாக்கெடுப்பு எழுப்பியது.

மாணவர் இயக்கத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

கல்வியாளர் ஹொரேஸ் மான் பாண்டின் மகனாக 1940இல் பிறந்த ஜூலியன் பாண்ட், அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பயின்றவர். 1960இல் உருவான மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் நிறுவனர்களில் ஒருவரான அவர், அதன் செய்தித் தொடர்புப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தார்.

அக்காலத்தில் ஜார்ஜியாவின் தேர்தல் முறை, மக்கள் தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்களுக்கு அளவுக்கு மீறிய இடங்களை வழங்கியிருந்தது. தொகுதிகள் மக்கள் தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்த பிறகு, நகரப் பகுதிகளில் புதிய தொகுதிகள் உருவாயின. அவற்றுள் ஒன்றில் 1965ஆம் ஆண்டு போட்டியிட்ட பாண்ட், பதிவான வாக்குகளில் 82 சதவீதத்தைப் பெற்று வென்றார்.

அவர் பதவியேற்கவிருந்த வேளையில், 1966 ஜனவரி 3ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் சாமுவேல் யங் என்ற கறுப்பின மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்பு கடற்படையில் பணியாற்றியிருந்த அவர், பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றபோது எழுந்த தகராறில் உயிரிழந்தார். மூன்று நாட்களுக்குப் பின் மாணவர் குழு வெளியிட்ட அறிக்கை, வியட்நாமில் சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகக் கூறும் அரசு தன் நாட்டிலேயே அதைக் காக்கத் தவறுகிறது என்று சாடியது. கட்டாய ராணுவ சேவைக்குச் செல்ல விரும்பாதோருக்கு அது அனுதாபமும் தெரிவித்தது. அந்த அறிக்கையுடன் தாம் உடன்படுவதாகப் பாண்ட் செய்தியாளரிடம் கூறினார்.

நீதிமன்றத்தில் கிடைத்த விடை

அரசியல் சாசனத்தை ஆதரிப்பதாக உறுதிமொழி எடுக்கப் பாண்ட் தயாராகவே இருந்தார். ஆனால் அவர் அதை மனப்பூர்வமாகச் சொல்ல இயலாது என்பது அவையின் வாதம். கீழ் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் மார்ட்டின் லூதர் கிங்கும் வழக்கில் இணைந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

காலியானதாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு 1966 பிப்ரவரியில் நடந்த சிறப்புத் தேர்தலில் பாண்டே மீண்டும் வென்றார். கருத்தைத் திரும்பப் பெற மறுத்த அவருக்கு அவையின் கதவு மீண்டும் அடைக்கப்பட்டது. நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலிலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

1966 டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பாண்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம் இரண்டு அம்சங்களைக் கொண்டது. உறுதிமொழி எடுக்கும் ஒருவரின் மனத்தூய்மையை அளக்கும் உரிமையைக் கொண்டு, பெரும்பான்மையினர் தமக்குப் பிடிக்காத கருத்துடையோரை விலக்க முடியாது என்பது முதலாவது. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள பேச்சுரிமை மக்கள் பிரதிநிதிக்குக் குறைந்துவிடாது, கொள்கை விவகாரங்களில் கருத்துச் சொல்ல அவருக்கு மிகப் பரந்த இடம் தேவை என்பது இரண்டாவது. 1967 ஜனவரியில் பாண்ட் பதவியேற்றார்.

எண்ணிக்கையின் அரசியல்

1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் பதவிக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது. அப்போது 28 வயதேயான அவர், அப்பதவிக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் விலகிக்கொண்டார். 1975 வரை கீழவையிலும், பின்னர் 1987 வரை மாநில செனட்டிலும் அவர் பணியாற்றினார்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தொகுதி எல்லைகளை வரையும் பொறுப்பு, பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களிடமே உள்ளது. அட்லாண்டாவை உள்ளடக்கிய ஐந்தாவது தொகுதியில் கறுப்பினத்தவர் 69 சதவீதம் இருக்க வேண்டும் என்று 1981இல் பாண்ட் வலியுறுத்தினார். சட்டமன்றம் 57 சதவீதத்துடன் நிறைவேற்றிய வரைபடம் இனப் பாகுபாட்டு நோக்கம் கொண்டது என்று 1982இல் கூட்டாட்சி நீதிமன்றம் நிராகரித்தது. அதன்பின் அத்தொகுதியில் கறுப்பினத்தவரின் பங்கு சுமார் 65 சதவீதமாக உயர்ந்தது.

1986இல் அந்தத் தொகுதியில் பாண்டே களமிறங்கினார். அவரை எதிர்த்தவர் மாணவர் குழுவில் அவருடன் பணியாற்றிய பழைய நண்பர் ஜான் லூயிஸ். கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல் சுற்றில் பாண்ட் முன்னிலை பெற்ற போதிலும், இரண்டாம் சுற்றில் லூயிஸ் சுமார் 52 சதவீத வாக்குகளுடன் வென்றார். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் பாண்டை ஆதரித்திருந்தனர். வெள்ளையின வாக்குகளே முடிவை மாற்றின. பாண்ட் போராடிப் பெற்ற தொகுதி, அவருக்கு நாடாளுமன்ற வாழ்க்கையைத் தராமல் போனது.

பின்னர் 1998 முதல் 2010 வரை என்.ஏ.ஏ.சி.பி எனப்படும் பழம்பெரும் கறுப்பின உரிமை அமைப்பின் தலைவராக இருந்த அவர், 2015 ஆகஸ்ட் மாதம் காலமானார்.

அவர் பெயரிலான தீர்ப்பு எழுப்பிய கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி அவைக்குள் போராடியதற்காக, டென்னசி மாநிலக் கீழவை 2023 ஏப்ரலில் ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் ஆகிய இரு கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. பதவியேற்றவர்களை அவை விதிகளை மீறியதாகக் கூறி நீக்குவது, பதவியேற்கவே விடாமல் தடுப்பதிலிருந்து சட்டப்படி வேறுபட்டது. எனினும் முடிவு பாண்டின் அனுபவத்தையே நினைவூட்டுகிறது. உள்ளூராட்சி அமைப்புகள் சில நாட்களிலேயே இருவரையும் திருப்பி அனுப்பின. ஆகஸ்டில் நடந்த சிறப்புத் தேர்தலில் வாக்காளர்களும் அதனை உறுதி செய்தனர்.

அவைகள் தமக்கு ஒவ்வாத குரலை வெளியே நிறுத்த முற்படுவது புதிதல்ல. நீதிமன்றம் கதவைத் திறந்துவிடலாம். ஆனால் ஜார்ஜியாவில் அந்தத் தீர்ப்பு வரும்வரை பாண்டின் உரிமையை உயிரோடு வைத்திருந்தது, ஒரே பெயரை ஓராண்டில் இருமுறை மீண்டும் தேர்ந்தெடுத்த ஒரு தொகுதியின் வாக்காளர்களே.