கொம்யூன்களின் கதை – 4: நெட்டப்பாக்கத்தில் ஏறிய கொடி

மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சாராயக்கடைப் பலகை கண்ணில் பட்டால் புதுச்சேரி, மறைந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மாநிலம் மாறி மாறி வரும். வயலும் வாய்க்காலும் என்னவோ ஒன்றுதான்.

இந்தச் சிதறல் 1783 வெர்சாய் உடன்படிக்கையோடு வந்தது. புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெற்றுத் தருவதாக ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். நிலம் ஒரே பரப்பாக வந்து சேரவில்லை. ஆங்கிலேயரின் ஊர்களுக்கு நடுவே பிரெஞ்சு ஊர்கள் தீவுகளாக நின்றன.

1880 மார்ச் 12 ஆணைப்படி இந்தத் தீவுகளுக்கும் மேயரும் நகரசபையும் வந்தன. 1789 டிசம்பரில் பிரான்ஸ் தன் ஊர்களுக்கு வகுத்த அதே கொம்யூன் முறை. அங்கே இன்றும் சுமார் 35,000 கொம்யூன்கள் உண்டு. பாதிக்கு மேல் ஐந்நூறு பேர்கூட இல்லாத சிற்றூர்கள். இங்கே முதலில் பத்துதான். 1907இல் பதினேழு ஆயின: புதுச்சேரிப் பகுதியில் எட்டு, காரைக்காலில் ஆறு, மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஒவ்வொன்று. ஆனால் கைப்பிடி அளவிலான ஐரோப்பியருக்குத் தனி வாக்காளர் பட்டியல், நம்மவருக்கு வேறு பட்டியல். இந்த அநீதி ஒழிய இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தச் சின்னச் சபைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிரெஞ்சு ஆட்சியை முடித்து வைத்ததே அவைதான். 1954 மார்ச் 18இல் புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன் மேயர்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31இல் பிரெஞ்சிந்தியத் தலைவர்களில் ஒருவரான எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். நெட்டப்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய சூட்சுமம் இருந்தது. சுற்றிலும் இந்திய மண். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் போலீஸ் அங்கே வர வேண்டுமானால் இந்திய எல்லையைத் தாண்டித்தான் வர வேண்டும். காலனி ஆட்சி வரைந்த கோணல் எல்லையே அந்த ஆட்சியின் கையைக் கட்டிப்போட்டது.

அந்த ஆண்டு அக்டோபர் 18இல் வில்லியனூருக்கு மேற்கே கீழூர் என்ற சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. பிரதிநிதி சபையினரும் கொம்யூன் உறுப்பினர்களுமாக 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

1973ஆம் ஆண்டுச் சட்டம் மேயர்களை நீக்கிவிட்டுக் கொம்யூன் பஞ்சாயத்துகளைக் கொண்டுவந்தது. பெயர் நிலைத்தது, தேர்தல்தான் நிலைக்கவில்லை. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! அந்தச் சபைகளின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பொறுப்பு அதிகாரிகள் கைக்குப் போய்விட்டது.

நான் காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளத்துக்காரன். எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன: முப்பது குடும்புகள் (வார்டுகள்), யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதுவரை. கணக்குக் காட்டாமல் போன உறுப்பினர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, வாக்களித்தே விடுதலை வாங்கிய கொம்யூன்களில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பான உறுப்பினரை ஊரார் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது பொறுக்க முடியாத குறை.

அடுத்த வாரம் காரைக்காலின் ஆறு கொம்யூன்களுக்குப் போகலாம்.