கைத்தொலைபேசியில் தெரிவு யாருடையது?

ஹட்டன் நகரில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துச் சிறுகடைக்காரரிடம் அவர், "என்னிடம் கோதுமை மா வேண்டுமானால் என் பருப்பு, சீனி, சவர்க்காரம் எல்லாவற்றையும் எடுத்து முன்தட்டில் வைக்க வேண்டும்" என்கிறார். மா இல்லாமல் கடை நடத்த முடியாது. கடைக்காரர் இணங்குகிறார். வேறு வியாபாரியின் பருப்பை எவரும் தடைசெய்யவில்லை. அது பின்தட்டுக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கடைக்கு வரும் நமக்கோ நாமே தெரிவு செய்ததுபோல் தோன்றுகிறது.

நம் கையிலுள்ள தொலைபேசியிலும் இதுவே நடந்தது என்று இந்தியப் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. பெரும்பாலான தொலைபேசிகளை இயக்கும் மென்பொருள் கூகுள் கம்பனியின் அன்ட்ரொய்ட். செயலிகளைப் பெறும் 'பிளே ஸ்டோர்' வேண்டுமென்றால் கூகுளின் தேடல், குரோம், யூடியூப் முதலியவற்றையும் சேர்த்தே பதிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. இதற்காக ஆணைக்குழு விதித்த அபராதம் 1,337.76 கோடி இந்திய ரூபா. 2023 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கட்டளைகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

கூகுளின் வாதத்தையும் கேட்பது நியாயம். அன்ட்ரொய்ட்டை இலவசமாகக் கொடுப்பதால்தான் குறைந்த விலையில் தொலைபேசி கிடைக்கிறது, வேறு செயலிகளைப் பதிக்கத் தடையில்லை என்கிறது அது. இதில் உண்மை உண்டு. பெரிதாக வளர்வது குற்றமுமல்ல. வளர்ந்த பலத்தைக் கொண்டு மற்றவர் வாசலை அடைப்பதே குற்றம். 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசொஃப்ட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலும் விண்டோஸுடன் இணைய உலாவியைப் பிணைத்ததே பெரும் பிரச்சினையானது.

இது நமக்கு எதற்கு? நிலத்தை விட்டு வந்த குடும்பத்தில் பெரும்பாலும் ஒரே தொலைபேசிதான். மரக்கறி விலையை அறிவதும், பிள்ளைகளின் பாடமும், தூரத்து உறவினரின் குரலும் அதன் வழியேதான். எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிப்பவர், நாம் எதை அறியவேண்டும் என்பதிலும் கைவைக்கிறார்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, போட்டிக்கு எதிரான நடைமுறைகளை நுகர்வோர் விவகார அதிகார சபை விசாரிக்கலாம். தனியொருவர் குரலைவிடச் சங்கமாக எழுதும் கடிதத்துக்குப் பலம் அதிகம். வீட்டிலும் ஒன்று செய்யலாம்: தொலைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் உலாவியை மாற்றும் வழி உண்டு. படித்த பிள்ளையிடம் கேட்டு ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். அப்போது அது உங்கள் தெரிவாக இருக்கும்.