நிமிர்ந்தால் கண் இருட்டுவதேன்?

மரக்காணம் உப்பளங்களில் குனிந்து உப்பு வாருபவர் சட்டென நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவதுண்டு. ‘பித்தம்’ என்று சொல்லி, ஒரு வாய் நீராகாரம் குடித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பித்தத்தின்மேல் பழி போடுவது எளிது, காரணமோ வேறு.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் இதனை மூளைத் தண்டுக்கு உடனே அறிவிக்கின்றன. தன்னியக்க நரம்புகள் வழியே கட்டளை பிறக்கிறது. இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லாம் சில நொடிகளில்! நமக்குத் தெரிவதுகூட இல்லை.

நீரிழிவு முற்றியவர் சிலருக்கும், பார்க்கின்சன் நோயாளர் சிலருக்கும் இந்நரம்புகள் பழுதுபடுகின்றன. 1925 இல் அமெரிக்க மருத்துவர்கள் பிராட்பரி, எகில்ஸ்டன் ஆகியோர் நின்றால் அழுத்தம் வீழும் நோயாளிகள் மூவரைப் பற்றி எழுதினர். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. குறைந்தால் இக்குறை உண்டென இன்று கொள்கின்றனர்.

வியப்பு என்னவெனில், அழுத்தம் வீழ்ந்த அளவுக்கு மூளையின் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதில்லை. மூளையின் சிறு குழாய்கள் தாமே விரிந்து வழிவிடுகின்றன. அதனால்தான் அழுத்தம் மிகத் தாழ்ந்தும் சிலர் நின்று பேசுகிறார்கள். அந்த எல்லையும் கடந்தால் பார்வை மங்கும், பிடரியும் தோளும் வலிக்கும், பிறகு மயக்கம்.

இவர்களுள் பலருக்கு மருத்துவர் கூட்டிக்கொள்ளச் சொல்வது நீரும் உப்பும்! உப்பளத்தார் வெயிலில் வியர்வையாய் இழப்பதும் அவையே. எனவே நரம்பு நலமாக உள்ளவர்க்கும் அங்கே தலை சுற்றலாம். நிழலில் இளைப்பாறி, நீர் அருந்திய பின்னும் நாள்தோறும் அது தொடர்ந்தால், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் அளக்கவேண்டும். உட்காரவைத்து மட்டும் அளந்தால் இந்நோய் பிடிபடாமல் போகக்கூடும்.