சூபித்துவம்

சூபித்துவம் அல்லது தஸவ்வுஃப் என்பது இஸ்லாமிய சமயத்தின் அகவாழ்வு சார்ந்த ஆன்மிக நெறியாகும். உள்ளத்தைத் தூய்மைப்படுத்தி, இறைவனை எந்நேரமும் நினைவில் நிறுத்தி, அவனது நெருக்கத்தை அடைவது இதன் நோக்கமாகும். இந்நெறியைப் பின்பற்றுவோர் சூபிகள் எனப்படுவர். தமிழ் முஸ்லிம்கள் இதனை மெய்ஞ்ஞானம், ஞானவழி என்றும், இந்நெறியில் சிறந்தோரை ஞானியர், இறைநேசர், வலிமார், அவுலியாக்கள் என்றும் அழைப்பர்.

சூபித்துவம் சன்னி, சியா என்பவற்றைப் போன்ற தனியொரு சமயப் பிரிவு அன்று. சன்னி முஸ்லிமாகவும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவராகவும் இருக்கும் ஒருவர் அதே நேரத்தில் ஒரு சூபி நெறியிலும் இணைந்திருக்கலாம். வரலாற்றில் பெரும்பாலான சூபிகள் அவ்வாறே வாழ்ந்தனர். எனினும், சூபிகளின் சில கருத்துகளும் வழக்கங்களும் இஸ்லாத்துக்கு உட்பட்டவையா என்ற விவாதம் தொடக்க காலம் முதல் இன்றுவரை நடந்து வருகின்றது. இவ்விவாதம் சில இடங்களில் உயிரிழப்புகளுக்கும் காரணமாகியுள்ளது.

சொற்பிறப்பு

சூபி என்னும் சொல்லின் தோற்றம் பற்றிப் பல கருத்துகள் உள்ளன. கம்பளி எனப் பொருள்படும் சூஃப் என்ற அரபுச் சொல்லிலிருந்து இது தோன்றியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் கருத்தாகும். தொடக்ககாலத் துறவு மனப்பான்மையினர் எளிய கம்பளி ஆடை அணிந்தமையால் இப்பெயர் பெற்றனர் என்பர். தூய்மை எனப் பொருள்படும் ஸஃபா என்ற சொல்லுடனும், மதீனாப் பள்ளிவாசலில் நபிகள் நாயகத்தின் ஏழைத் தோழர்கள் தங்கியிருந்த ஸுஃப்பா என்னும் திண்ணையுடனும் இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். 11 ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-பிரூனி, அறிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் மூலம் எனக் கருதினார். சூபியாதலைக் குறிக்கும் அரபுச் சொல்லே தஸவ்வுஃப் ஆகும்.

இஸ்லாமியக் கல்வி மரபில் சூபித்துவத்தின் இடம்

சூபித்துவத்தின் இடத்தை விளக்க முஸ்லிம் அறிஞர்கள் ஜிப்ரீலின் நபிமொழி எனப்படும் நபிமொழியைச் சுட்டுவர். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள இந்நபிமொழியின்படி, முன்பின் அறியாத மனிதரின் தோற்றத்தில் வந்த வானவர் ஜிப்ரீல், நபிகள் நாயகத்திடம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகிய மூன்றைப் பற்றிக் கேட்டார். தொழுகை, நோன்பு, ஸக்காத்து, ஹஜ் முதலிய செயல்கள் இஸ்லாம் எனவும், இறைவன், வானவர், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி ஆகியவற்றில் கொள்ளும் நம்பிக்கை ஈமான் எனவும் விளக்கப்பட்டன. இறைவனை நேரில் காண்பது போன்ற உணர்வோடு வணங்குவதும், அது இயலாவிடின் அவன் தன்னைப் பார்க்கிறான் என்ற உணர்வோடு வணங்குவதும் இஹ்ஸான் எனப்பட்டது.

இம்மூன்றுக்கும் ஏற்ப மூன்று கல்வித்துறைகள் வளர்ந்தன என்பது மரபான விளக்கம். செயல்களைப் பற்றியது ஃபிக்ஹு எனப்படும் சட்டக்கலை. நம்பிக்கையைப் பற்றியது அகீதா எனப்படும் கொள்கைக்கலை. இஹ்ஸான் நிலையை அடையும் வழியைப் பற்றியது தஸவ்வுஃப். எடுத்துக்காட்டாக, தொழுகையில் எத்தனை முறை குனிய வேண்டும், எது தொழுகையை முறிக்கும் என்பவற்றைச் சட்டக்கலை கூறும். தொழும்போது மனம் கடைத்தெருவில் அலைவதற்கு என்ன செய்வது, பிறர் மெச்சத் தொழும் எண்ணத்தை எவ்வாறு களைவது என்பவை தஸவ்வுஃபின் கேள்விகளாகும்.

சூபிகள் தம் பாதையை நான்கு படிகளாகவும் விளக்குவர். ஷரீஅத் என்பது சமயச் சட்டம். தரீக்கத் என்பது ஆன்மிகப் பாதை. ஹகீக்கத் என்பது உண்மை நிலை. மஃரிஃபத் என்பது இறைஞானம். பிற்படிகளை அடைந்தவருக்கும் முதற்படியாகிய ஷரீஅத்தின் கடமைகள் நீங்கா என்பதே சூபி ஆசிரியர் பெரும்பாலோரின் நிலைப்பாடாகும். கடமைகளைக் கைவிட்டுத் திரிந்த சில கூட்டத்தாரைச் சூபி நூலாசிரியர்களே கடுமையாகக் கண்டித்துள்ளனர்.

வரலாறு

தொடக்க காலம்

7, 8 ஆம் நூற்றாண்டுகளில் இஸ்லாமியப் பேரரசு விரைவாக விரிந்து, செல்வமும் ஆடம்பரமும் பெருகின. இதற்கு எதிர்வினையாக எளிமையையும் இறையச்சத்தையும் வலியுறுத்தியோரிடமிருந்தே சூபித்துவம் தோன்றியது. பஸ்ராவைச் சேர்ந்த ஹசன் அல்-பஸ்ரி (642–728) இவர்களுள் முதன்மையானவர். அதே நகரில் வாழ்ந்த ராபியா அல்-அதவிய்யா (இறப்பு 801) என்னும் பெண்மணி, நரகத்துக்கு அஞ்சியோ சொர்க்கத்தை விரும்பியோ அன்றி, இறைவனுக்காகவே இறைவனை நேசிக்க வேண்டும் என்ற கருத்தோடு நினைவுகூரப்படுகின்றார். அச்சத்தை முதன்மைப்படுத்திய நெறி அன்பை முதன்மைப்படுத்தும் நெறியாக மாறியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

ஜுனைதும் ஹல்லாஜும்

9 ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரம் சூபிகளின் மையமாயிற்று. அங்கு வாழ்ந்த ஜுனைத் (இறப்பு 910) தெளிந்த நிலையைப் போற்றியவர். இறைவனில் தன்னை இழக்கும் ஃபனா என்ற நிலைக்குப்பின், மீண்டும் தன்னுணர்வோடு மக்களிடையே வாழும் பகா என்ற நிலையே உயர்ந்தது என்பது அவர் கருத்து. இறைக்காதலில் மயங்கிய நிலையைச் சிறப்பித்த பாரசீகத்துப் பாயஸீத் பிஸ்தாமி மற்றொரு போக்குக்கு எடுத்துக்காட்டாவார்.

மன்சூர் அல்-ஹல்லாஜ் தானே மெய்ப்பொருள் எனப் பொருள்படும்படி கூறினார் என்பது மரபு. சமயக் குற்றச்சாட்டின்பேரில் அவர் 922 இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். அக்காலத்து அரண்மனை அரசியலும் இத்தண்டனைக்குக் காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் சமய வரம்பை மீறினாரா, இறையனுபவ மிகுதியில் பேசினாரா என்பதில் சூபிகளிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை.

இமாம் கஸ்ஸாலி

இதன்பின் சூபித்துவம் சமயச் சட்டத்துக்கு முரணானதன்று என நிறுவும் நூல்கள் எழுந்தன. குஷைரி (இறப்பு 1072) எழுதிய ரிஸாலா அரபியிலும், லாகூரில் அடக்கமான ஹுஜ்விரி எழுதிய கஷ்ஃபுல் மஹ்ஜூப் பாரசீகத்திலும் அமைந்த முக்கிய நூல்களாகும்.

இம்முயற்சியின் உச்சமாகக் கருதப்படுபவர் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (1058–1111). ஷாஃபி சட்ட அறிஞரான இவர், பாக்தாதின் நிஸாமிய்யா கல்லூரியில் தலைமை ஆசிரியராகப் புகழுடன் விளங்கினார். தம் கற்பித்தலின் நோக்கம் இறைவன் அன்று, புகழே என உணர்ந்து 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். இவர் இயற்றிய இஹ்யா உலூமித்தீன் 40 பகுதிகளைக் கொண்டது. இந்நூல் வணக்க வழிபாடு, அன்றாட வாழ்வு, தீய குணங்கள், நற்குணங்கள் என முறையாகச் சென்று, புறச்சட்டத்தையும் அகத்தூய்மையையும் ஒன்றிணைக்கின்றது. இதன்பின் தஸவ்வுஃப் சன்னி முஸ்லிம்களின் சமயக் கல்வியில் நிலையான இடம் பெற்றது.

தரீக்காக்கள்

12 ஆம் நூற்றாண்டு முதல் ஆசிரியர்களைச் சுற்றி அமைப்புகள் உருவாயின. இவை தரீக்காக்கள் எனப்படும். தரீக்கா என்பதற்குப் பாதை என்பது பொருள். வழிகாட்டும் ஆசிரியர் ஷெய்கு அல்லது முர்ஷித் எனவும், மாணவர் முரீது எனவும் அழைக்கப்படுவர். ஆசிரியரின் கைப்பற்றி உறுதிமொழி அளித்தல் பைஅத் எனப்படும். ஒவ்வொரு ஆசிரியரும் தம் ஆசிரியர், அவர்தம் ஆசிரியர் என நபிகள் நாயகம் வரை செல்லும் ஸில்ஸிலா என்னும் தொடரைக் குறிப்பிடுவர். பெரும்பாலான தொடர்கள் அலீ வழியாகவும், நக்ஷபந்திய்யாவின் முதன்மைத் தொடர் அபூபக்கர் வழியாகவும் செல்கின்றன.

முக்கிய தரீக்காக்கள் சில:

காதிரிய்யா – பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி (இறப்பு 1166) பெயரால் அமைந்தது. தமிழ் முஸ்லிம்களிடையே இவர் முகியித்தீன் ஆண்டகை எனப்படுகின்றார்.
சிஷ்திய்யா – அஜ்மீரில் அடக்கமான முயீனுத்தீன் சிஷ்தியால் (இறப்பு 1236) இந்தியாவில் பரவியது.
ஷாதுலிய்யா – அபுல் ஹசன் ஷாதுலியால் (இறப்பு 1258) தோற்றுவிக்கப்பட்டது. வட ஆப்பிரிக்காவில் வலுவானது.
மெவ்லவிய்யா – கொன்யாவில் வாழ்ந்த ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) வழியில் அமைந்தது.
நக்ஷபந்திய்யா – புகாராவின் பஹாவுத்தீன் நக்ஷபந்த் (1318–1389) பெயரால் அமைந்தது.

பயிற்சிகள்

சூபிப் பயிற்சியின் மையம் நஃப்ஸ் எனப்படும் கீழ்மனத்தை அடக்குவதாகும். குர்ஆனில் வரும் சொற்களைக் கொண்டு இதன் நிலைகளைச் சூபிகள் வகுத்தனர். தீமைக்குத் தூண்டுவது அம்மாரா, தவறு செய்தபின் தன்னைத்தானே பழிப்பது லவ்வாமா, அமைதியடைந்தது முத்மயின்னா. முதல் நிலையிலிருந்து இறுதி நிலைக்கு மாணவரைக் கொண்டு செல்வதே ஆசிரியரின் பணியாகும்.

இறைவனின் பெயர்களைத் திரும்பத் திரும்பக் கூறும் திக்ரு எல்லாத் தரீக்காக்களுக்கும் பொதுவானது. காதிரிய்யா நெறியினர் உரத்த குரலிலும், நக்ஷபந்திய்யா நெறியினர் பெரும்பாலும் மௌனமாகவும் திக்ரு செய்வர். தனித்திருத்தல், மிகைநோன்பு, தன்னாய்வு ஆகியனவும் பயிற்சிகளாகும். இசை கேட்டலைச் சிஷ்திய்யா நெறியினர் ஏற்றமையால் கவ்வாலி இசை வளர்ந்தது. மெவ்லவிய்யாவினரின் சுழல் நடனமாகிய ஸெமா புகழ்பெற்றது. நக்ஷபந்திய்யாவினர் பெரும்பாலும் இவற்றைத் தவிர்ப்பர். சூபித்துவம் என்றாலே இசையும் நடனமும் என்று எண்ணுவது ஆகவே சரியன்று.

விவாதங்கள்

சூபித்துவம் குறித்த விவாதங்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது கொள்கை பற்றியது. அந்தலூசியாவில் பிறந்து தமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபியின் (1165–1240) சிந்தனை, பிற்காலத்தில் வஹ்ததுல் வுஜூத் எனப் பெயர் பெற்றது. மெய்யான இருப்பு இறைவனுக்கே உரியது, பிற யாவும் அதன் வெளிப்பாடுகள் என்பது இதன் சாரம். இது படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அழிக்கின்றது என எதிர்ப்பாளர் கூறினர். ஆதரவாளர் இதனை மறுத்தனர். இந்தியாவின் அஹ்மத் ஸிர்ஹிந்தி (1564–1624) நக்ஷபந்திய்யா சூபியாக இருந்தே, அந்த ஒருமை காண்பவரின் அனுபவத்தைச் சேர்ந்ததேயன்றி இருப்பைச் சேர்ந்ததன்று என விளக்கினார்.

இரண்டாவது வழக்கங்கள் பற்றியது. இறைநேசரின் அடக்கத்தலங்களாகிய தர்காக்களுக்குச் செல்லுதல், அவர்கள் பொருட்டால் இறைவனிடம் வேண்டுதல், ஆண்டு விழா எடுத்தல் ஆகியவை இணைவைத்தலுக்கு இட்டுச் செல்லும் என எதிர்ப்பாளர் கூறுவர். இறைவனிடமே வேண்டுகின்றோம், இறைநேசர் வழியாக மட்டுமே அணுகுகின்றோம் என்பது ஆதரவாளரின் விடை.

இவ்விவாதத்தைச் சூபிகள் ஒருபுறம், எதிர்ப்பாளர் மறுபுறம் என எளிதாகப் பிரிக்க இயலாது. இப்னு அரபியையும் தர்கா வழக்கங்களையும் கடுமையாக எதிர்த்த இப்னு தைமிய்யா (1263–1328), ஜுனைதையும் அப்துல் காதிர் ஜீலானியையும் மதித்தவர். ஜீலானியின் நூலொன்றின் பகுதிகளுக்கு உரையும் எழுதினார். அவர் அடக்கம் செய்யப்பட்டது தமாஸ்கஸில் சூபிகளின் கல்லறைத் தோட்டத்திலாகும். இந்தியாவில் 1866 இல் தொடங்கப்பட்ட தேவ்பந்த் மதரஸாவின் அறிஞர்கள் பல தர்கா வழக்கங்களை மறுத்தனர். ஆனால் அதன் நிறுவனர்கள் சிஷ்திய்யா ஆசிரியர் ஒருவரின் சீடர்களாவர். அவர்களுடன் வாதிட்ட பரேல்வி இயக்கத்தின் அஹ்மத் ரஸா கான் (1856–1921) காதிரிய்யா நெறியினர்.

அரபுத் தீபகற்பத்தில் முஹம்மத் இப்னு அப்துல் வஹ்ஹாபின் (1703–1792) இயக்கம் அடக்கத்தலக் கட்டடங்களை முற்றாக எதிர்த்தது. சியாக்களிடையேயும் சட்ட அறிஞர் பலர் தரீக்காக்களை ஏற்கவில்லை. எனினும் இர்ஃபான் என்ற பெயரில் ஞான மரபு அவர்களிடம் நிலைத்துள்ளது.

தற்காலம்

19, 20 ஆம் நூற்றாண்டுகளில் சூபித் தலைவர்கள் சிலர் குடியேற்ற ஆட்சிகளை எதிர்த்துப் போரிட்டனர். அல்ஜீரியாவின் அப்துல் காதிர் (1808–1883), லிபியாவில் 1931 இல் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தார் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். சூபிகள் உலகியலிலிருந்து ஒதுங்கியவர்கள் என்ற கருத்து முழுமையானதன்று என இவர்கள் வரலாறு காட்டுகின்றது. துருக்கிக் குடியரசு 1925 இல் தரீக்கா மடங்களைச் சட்டப்படி மூடியது. செனகலில் அமது பம்பா (1853–1927) தோற்றுவித்த முரீதிய்யா நெறி இன்றும் பெரும் செல்வாக்குடன் உள்ளது.

அண்மைக் காலத்தில் சூபித் தலங்கள் தீவிரவாதக் குழுக்களின் தாக்குதலுக்கு உள்ளாகியுள்ளன. 2012 இல் மாலியின் திம்புக்துவில் பல அடக்கத்தலங்கள் இடிக்கப்பட்டன. இதற்காக ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016 இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 பெப்ரவரியில் பாகிஸ்தானின் சேவான் தர்காவில் 80 பேருக்கு மேலும், அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் சினாயில் சூபிகள் தொழும் பள்ளிவாசலொன்றில் 300 பேருக்கு மேலும் கொல்லப்பட்டனர். முஸ்லிம் அறிஞர்களின் நூற்றாண்டுகால விவாதம் நூல்களிலும் மன்றங்களிலும் நடந்தது. இக்கொலைகளைத் தர்கா வழக்கங்களை ஏற்காத அறிஞர்களும் கண்டித்தனர்.

தமிழ் முஸ்லிம்களிடையே சூபித்துவம்

தமிழகக் கரையோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபையும், சூபி நெறிகளில் காதிரிய்யாவையும் பின்பற்றி வந்துள்ளனர். 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாகுல் ஹமீதின் நாகூர் தர்கா புகழ்பெற்றது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் இதற்கு மினாரா கட்டிக்கொடுத்தார். கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதன் நினைவாகத் தலங்களை அமைத்தனர்.

கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா (1632–1703) சட்ட அறிஞராகவும் ஞானியாகவும் விளங்கினார். தக்கலை பீர் முகம்மது அப்பா, சென்னையில் வாழ்ந்து 1838 இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகியோர் சூபிக் கருத்துகளைத் தமிழ்ப் பாடல்களாக இயற்றினர். குணங்குடியார் சித்தர் பாடல்களின் யாப்பையும் சொற்களையும் கையாண்டவர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காதிரிய்யாவின் அரூஸிய்யா கிளையைத் தமிழகத்திலும் இலங்கையிலும் பரப்பினார்.

தர்கா வழக்கங்கள் பற்றிய விவாதம் தமிழ் முஸ்லிம்களிடையேயும் உண்டு. இலங்கையின் காத்தான்குடியில் 2004, 2006 ஆம் ஆண்டுகளில் இது வன்முறையாகவும் வெடித்தது. தர்காக்களில் கந்தூரி விழா கொண்டாடுவோரும், அதனை மறுத்து உளத்தூய்மையை மட்டும் வலியுறுத்துவோரும், இரண்டிலும் ஈடுபடாதோரும் ஒரே ஊரில் வாழ்வதை இன்றும் காணலாம்.