எஞ்சின் எழுப்பும் ஓசை

கொல்கத்தாவின் கிடர்பூரில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசுக்கு இறங்குவதுண்டு. அந்நேரத்தில் பழைய மஞ்சள் டாக்சி ஒன்றைக் கிளப்பினால் 'கடகட'வென்னும் ஓசை தெருமுனைவரை கேட்கும். அது பெரும்பாலும் அம்பாசிடராக இருக்கும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், உத்தரபாடாவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2014ஆம் ஆண்டு வரை அவ்வண்டி உருவாக்கப்பட்டது. 15 ஆண்டுகளைக் கடந்த டாக்சிகள் நகரில் ஓட இயலாது. ஆகவே எஞ்சியுள்ளவை சிலவே.

இரவு முழுவதும் எஞ்சின் நின்றிருக்கையில் எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது. குளிரில் தடித்துப்போன எண்ணெய் மீண்டும் மேலேறச் சில நொடிகள் ஆகும். அதுவரை உறுப்புகளுக்கு இடையே எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. அவை மோதி ஒலிக்கின்றன. அந்நொடிகளில் ஆக்சிலேட்டரை அழுத்தி எஞ்சினை உறுமவிடுவதுதான் பெருந்தீங்கு. டீசல் எஞ்சினுக்கு மற்றொரு காரணமும் உண்டு. குளிர்ந்த காற்றில் டீசல் தாமதமாகத் தீப்பற்றி, பின்னர் ஒரே வேளையில் எரிவதால் 'கட்கட்'டென்று இடிக்கிறது. எஞ்சின் சூடேறினால் அது தணியும்.

தணியாத ஓசையையே ஆராய வேண்டும். மேற்பகுதியில் 'டிக் டிக்' எனக் கேட்டால் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். கிராங்க் தண்டு இருமுறை சுழல, கேம் தண்டு ஒருமுறையே சுழலும். ஆதலால் இவ்வொலி எஞ்சின் வேகத்தைவிட மெதுவாகக் கேட்கும். ஓசையே இல்லாத டாப்பெட் நல்லதென்றும் எண்ணிவிடலாகாது. இடைவெளி அறவே இல்லையெனில் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். கிறீச்சிடும் ஒலி பெரும்பாலும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டினுடையது. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் அடிக்கும் ஒலியோ, பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் குறையும்.

மெக்கானிக் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மீது வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடித்துக் கேட்பார். மருத்துவரின் இதயத்துடிப்புமானி செய்யும் வேலையை அத்திருப்புளி செய்கிறது. சுழலும் விசிறியிலிருந்து விலகி நின்றே இதைச் செய்ய வேண்டும்.

அடிப்பகுதியிலிருந்து 'தொம் தொம்' என்று கனத்த ஒலி எழுந்து, ஆக்சிலேட்டரை அழுத்தும்தோறும் வலுத்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். எண்ணெய் அழுத்த விளக்கும் அணையாதிருப்பின் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். பணிமனைவரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று துணிந்தால் கிராங்க் தண்டே பழுதாகும். வண்டியை இழுத்துச் செல்வதால் ஓட்டுநருக்கு ஒருநாள் வருவாய் போகும். தண்டு பழுதானாலோ பல நாள் வருவாய் போய்விடும்.