மீசைக்கார ஈ

ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஈயோடு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். காட்கோபரில் எங்கள் சொசைட்டி காம்பவுண்டில், மழை விட்டு வெயில் அடித்தால், நீண்ட உடலும் முள் கால்களுமாக ஒரு பூச்சி வந்து உட்காரும். குளவி என்று பயந்து குழந்தைகள் செருப்பைத் தூக்குகிறார்கள். அது குளவியல்ல, 'ராபர் ஃப்ளை', அதாவது கொள்ளைக்கார ஈ.

அடையாளம் எளிது. குளவிக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டே. பின்னிறக்கைக்குப் பதிலாகக் குண்டூசித் தலை போன்ற இரு உறுப்புகள் பறக்கையில் சமநிலை காக்கும். உச்சந்தலையில் கண்களுக்கு நடுவே ஒரு பள்ளம். முகத்தில் அடர்ந்த மீசை. துள்ளும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பது அதுதான்.

வெயில் படும் கல், குச்சி, வெறுந்தரை இதன் காவல் மேடை. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, ஊசி போன்ற வாயால் குத்தி எச்சிலைச் செலுத்தும். இரை செயலிழந்து, உள்ளே கரைந்ததும் உறிஞ்சிக் குடிக்கும். குளவியும் தேனீயும்கூடத் தப்பாது.

உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் நாட்டிலுள்ள 'ஹைப்பரேக்கியா', மரம் துளைக்கும் கருந்தேனீயைப் போலவே வேஷம் போடும். இனத்தைத் தீர்மானிக்க நிபுணர்கள் இறக்கை நரம்புகளையும் ஆணின் வால்நுனியையும் லென்ஸில் பார்ப்பார்கள்.

இதன் புழுக்கள் மண்ணிலும் மக்கிய மரத்திலும் வளர்ந்து, மற்றப் பூச்சிகளின் புழுக்களைத் தின்னும். மண் இல்லையேல் இந்த ஈயும் இல்லை. எங்கள் காம்பவுண்டில் மிச்சமுள்ள மண்ணிலும் பேவர் பிளாக் பதிக்கப் பேச்சு நடக்கிறது. சுவரோரம் இரண்டடி விடும்படி மீட்டிங்கில் கேட்டிருக்கிறேன். மழைநீர் இறங்கவும் அது உதவும். உங்கள் கட்டடத்திலும் கேளுங்கள். கையால் பிடித்தால் குத்தும். சும்மா விட்டால் நம்மைத் தேடி வராது.